ஒரு கொடி, ஒரு காய்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க, பேசிய நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறேன்.)



"உன் வேலையைப் பற்றிப் பேசாதே, அதை லிங்க்ட்இன்னில் பார்த்துக் கொள்கிறோம். வேறு ஏதாவது பேசு" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லி விட்டார். நான் பம்பு டிசைன் செய்கிறவன். வேலை போக எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். அது பரங்கிக்காய். சிரிக்காதீர்கள். நான் இருக்கிற மினசோட்டாவில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். "எத்தனை பவுண்டு?" என்றுதான் கேட்பார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம்மில் சிலருக்கு இது பரங்கிக்காய், சிலருக்கு மஞ்சள் பூசணி. எங்கள் கொங்கு நாட்டில் அரசாணிக்காய். திருஷ்டி சுற்றி நடுரோட்டில் உடைத்து ஸ்கூட்டர்காரரை விழ வைக்கிற சாம்பல் பூசணி வேறு இனம். பரங்கி என்ற பெயரே அது வெளியிலிருந்து வந்தது என்பதைச் சொல்லி விடுகிறது. வெள்ளைக்காரனைப் பரங்கி என்றோம், அவன் கப்பலில் வந்த காயையும் பரங்கி என்றோம். ராட்சதப் பரங்கியின் தாவரப் பெயர் குக்கர்பிட்டா மேக்ஸிமா. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. பொங்கலுக்கு நம் வீட்டில் வைக்கிற பரங்கிக்காயில் பெரும்பகுதி குக்கர்பிட்டா மோஸ்கேட்டா. சித்தப்பா பிள்ளைகள் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம், ஸ்குவாஷ். நமக்கு ஸ்குவாஷ் என்றால் கல்யாண வீட்டு ஆரஞ்சு ஸ்குவாஷ். அங்கே அது காய். ராட்சதக் காய்ப் போட்டிகளில் ஒரே இனச் செடியில் காய்த்தாலும் ஆரஞ்சு, மஞ்சள் நிறமாக இருந்தால் பம்ப்கின் பிரிவு, பச்சை, சாம்பல் நிறமாக இருந்தால் ஸ்குவாஷ் பிரிவு. நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிற பழக்கம் காய்கறியையும் விடவில்லை!

இப்போது எடைக்கு வருவோம். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் கனடாவின் வில்லியம் வார்னாக் என்ற விவசாயி 400 பவுண்டு, அதாவது 181 கிலோ காய் ஒன்றைக் காட்டினார். 1904-இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அவரே 403 பவுண்டு. இந்த 403 எவ்வளவு காலம் நின்றது தெரியுமா? 1976 வரை. அந்த வருஷம் பென்சில்வேனியாவில் 451 பவுண்டு வந்தது. 72 வருஷத்தில் 48 பவுண்டு முன்னேற்றம்.

பிறகு பாருங்கள். 1981-இல் 493.5 பவுண்டு. 1996-இல் நியூயார்க் மாநிலத் தம்பதி 1,061 பவுண்டு. 2012-இல் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ரான் வாலஸ் 2,009 பவுண்டு. 2014-இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் 1,054 கிலோ, 2016-இல் பெல்ஜியத்துக்காரர் 1,190 கிலோ, 2021-இல் இத்தாலிக்காரர் 1,226 கிலோ, 2023-இல் எங்கள் மினசோட்டாவின் டிராவிஸ் கீங்கர் 1,247 கிலோ. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டைச் சகோதரர்கள் 2,819 பவுண்டு, கிட்டத்தட்ட 1,279 கிலோ. ஒரு மாருதி காரை விட அதிக எடை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்று சொல்வோமே, இதை மறைக்க எவ்வளவு சோறு வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். காய் உள்ளே வெற்றிடம் உள்ளது, தண்ணீரில் மிதக்கும். ஆகவே அதன் கொள்ளளவு நிச்சயம் 1,279 லிட்டருக்கு மேல். அதைச் சுற்றியும் மேலேயும் மூட வேண்டும். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் பொங்கினாலும் பத்தாது. அதுவும் அந்தச் சோறு, காய் கனம் தாங்கும் அளவுக்குக் கெட்டியாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

எழுபது வருஷம் நகராத எடை, அடுத்த ஐம்பது வருஷத்துக்குள் ஆறு மடங்குக்கு மேல் போனது எப்படி? உரமா? உரம் 1950-லும் இருந்தது. இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் தோட்டத்துக்குள் போனேன் என்றே சொல்லலாம். விடையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வளர்க்கிற முறையைச் சொல்கிறேன். இங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் குறித்துக் கொள்ளலாம்.

மினசோட்டாவில் மண் ஐந்து மாசம் ஐஸ்கட்டி. வெளியே செடி உயிரோடு இருக்க முடிகிற காலம் மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. ஆகவே ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள்ளேயே விதை போட வேண்டும். விதையின் ஓடு தடிமன். ஓரத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சில மணி நேரம் ஊற வைத்து, 29, 30 டிகிரி வெப்பத்தில் தொட்டியில் வைத்தால் நாலைந்து நாளில் முளைக்கும். முதல் நிஜ இலை விட்டவுடன் தோட்டத்தில் நட்டு, மேலே சின்ன கண்ணாடிக் கூண்டோ பிளாஸ்டிக் கூண்டோ வைத்து மூடுவார்கள். மண்ணுக்குள் ஹீட்டர் வயர் பதிக்கிறவர்களும் உண்டு. குழந்தைக்குக் கூட இவ்வளவு பார்ப்பார்களா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள்.

ஒரு செடிக்கு 500 முதல் 1,000 சதுர அடி இடம் வேண்டும். என் பாத்தி 25-க்கு 30 அடி, ஒரே செடி. முந்தைய வருஷமே சாணமும் மக்கிய இலையும் போட்டு, மண் பரிசோதனை செய்து, கார அமில அளவை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் கொண்டு வந்து விட வேண்டும். நம் ஊரில் மண் பரிசோதனை என்றால் கட்டடம் கட்டத்தான். அங்கே பரங்கிக்காய்க்குச் செய்கிறார்கள்.

கொடியை இஷ்டத்துக்குப் போக விடக் கூடாது. நடுவில் ஒரு தாய்க்கொடி. அதிலிருந்து இரு பக்கமும் கிளைக்கொடிகள், செங்குத்தாக. மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். கிளையிலிருந்து கிளை விட்டால் கிள்ளி விட வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் மண் அணைத்தால் அங்கேயும் வேர் இறங்கும். ஆக ஒரு செடிக்கு ஒரு வேர் அல்ல, நூற்றுக்கணக்கான இடத்தில் வேர். கோடையின் உச்சத்தில் ஒரு நாளைக்கு முன்னூறு, நானூறு லிட்டர் தண்ணீர் குடிக்கும்.

ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில் பெண் பூ. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போல் பிஞ்சு இருந்தால் அது பெண். வேரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தாய்க்கொடியில் வருகிற பூவைத் தேர்ந்தெடுப்பார்கள். முந்தின நாள் சாயங்காலமே அதன் மேல் மெல்லிய துணி கட்டி விட வேண்டும், தேனீ முந்திக் கொள்ளாமல் இருக்க. விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து எடுத்து விட்டு, மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். திரும்பத் துணி கட்டி, ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்: தேதி, தாய் எது, தகப்பன் எது. மார்கழியில் சாணி உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவில் வைக்கிற அதே பூ, அங்கே ஜாதகத்தோடு நிற்கிறது.

இப்படி இரண்டு மூன்று காய் பிடிக்கும். இரண்டு வாரம் அளந்து பார்த்து, வேகமாக வளர்வதை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதையெல்லாம் வெட்டி விடுவார்கள். ஒரு கொடி, ஒரு காய். இதுதான் முழு வித்தை. அறுநூறு, எழுநூறு சதுர அடி இலை வெயிலில் சமைக்கிற சர்க்கரை முழுவதும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் துறைக்காரர்களுக்கு இங்கே ஒரு நல்ல கணக்கு உண்டு. காய்க்குச் சர்க்கரை கொண்டு போகிற குழாய்கள் காம்பு வழியாகத்தான் போயாக வேண்டும். பெரிய காய்க்கு அதிகச் சரக்கு வேண்டுமென்றால் இரண்டு வழி: ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டலாம், அல்லது குழாயின் பரப்பைக் கூட்டலாம். செடி எதைச் செய்கிறது? 2015-இல் ஜெசிக்கா சாவேஜ் என்ற தாவரவியலாளரும் சகாக்களும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ராட்சத ரகத்தில் வேகம் கூடவில்லை, ஃப்ளோயம் என்கிற அந்தக் குழாய்த் திசுதான் அதிகம். பம்பை மாற்றவில்லை, பைப்பை மாற்றியிருக்கிறது. பைப் சைஸிங் கிளாஸில் தூங்கியவர்கள் கவனிக்கவும்.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் காரர்களுக்கும் உண்டு. சின்னக் காய் உருண்டை. பெரிசாகப் பெரிசாகத் தன் எடையையே தாங்காமல் தட்டையாகிறது, சில காய்களில் அடிப்பாகம் வளைவு போல உள்ளே எழும்பி நிற்கிறது. ஜார்ஜியா டெக்கில் டேவிட் ஹூ என்ற மெக்கானிக்கல் பேராசிரியரும் குழுவும் 2011-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே போட்டார்கள். ஆகவே போட்டியில் ஜெயிக்கிற காய் அழகாக இருக்காது. காற்றுப் போன லாரி டியூப் மாதிரி சரிந்து உட்கார்ந்திருக்கும்.

உச்சமான நாட்களில், ஜூலைக் கடைசி, ஆகஸ்டில், நல்ல செடியில் காய் ஒரு நாளைக்கு 40 பவுண்டு கூட ஏறும். மணிக்கு முக்கால் கிலோ. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் அது ஒரு கைப்பிடி எடை போட்டிருக்கும். தராசில் ஏற்ற முடியாது என்பதால் டேப் வைத்து அளப்பார்கள். சுற்றளவு ஒன்று, மேலே குறுக்காக ஒன்று, மேலே நெடுக்காக ஒன்று. மூன்றையும் கூட்டி, அட்டவணையில் பார்த்தால் எடை தெரியும், தோராயமாக. நாள்தோறும் அளந்து கிராஃப் போடுவோம்.

தோல் இறுகாமல் இருக்கப் பகலில் நிழல் துணி, குளிருக்கு ராத்திரியில் கம்பளி. அடியில் மணல். காம்பு இழுபடாமல் கொடியை மெதுவாக வளைத்து விட வேண்டும். இத்தனைக்கும் மேலே காம்பு அழுகல், சாம்பல் நோய், தண்டு துளைக்கும் புழு, மான், கிரவுண்ட்ஹாக் என்று ஓர் எலிக்குப் பெரியப்பா. விதிமுறையும் கடுமை: காயில் உள் வெற்றிடம் வரை போகிற சின்ன ஓட்டை இருந்தாலும் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். ஐந்து மாச உழைப்பு, ஊசி நுழைகிற வெடிப்பு, அவ்வளவுதான்.

நான் ஆரம்பித்த முதல் கோடையில் அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருந்தார்கள். அப்பா நாற்பது வருஷம் மஞ்சளும் கரும்பும் போட்டவர். மகன் மறுபடியும் மண்ணில் கை வைத்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் நான் பிஞ்சுகளை வெட்டிப் போட்ட அன்றைக்கு அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"ஏங்கண்ணு, நல்ல நல்ல பிஞ்சா இருக்குது, அறுத்துப் போடறயே?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்கப்பா விடோணும். அப்பத்தான் பெருசா வரும்."

"செரி. அந்த ஒண்ணும் போச்சுன்னா?"

என்னிடம் பதில் இல்லை. வெட்டிய பிஞ்சுகளை அம்மா எடுத்துக் கொண்டு போனார். அதுவரை மருந்து எதுவும் அடிக்கவில்லை என்பதால் சமைக்கலாம். ஒரு வாரம் அரசாணிக்காய்ப் பொரியல், கூட்டு. மீதி அங்குள்ள நாலு தமிழ்க் குடும்பங்களுக்குப் போனது. ஒரு விஷயம் சொல்கிறேன், போட்டிக்கு வளர்த்த ராட்சதக் காயில் ருசியே இருக்காது. நார், தண்ணீர். அந்தப் பிஞ்சுகள்தான் ருசி.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் காம்புக்குப் பக்கத்தில் காய் ஓரடி நீளத்துக்கு வெடித்திருந்தது. தண்ணீர் வேகமாக ஏறினால் தோல் தாங்காது, எந்தப் பாத்தியிலும் நடக்கிறதுதான். அப்பா வந்து பார்த்தார். "சொன்னேன் பாத்தயா" என்று அவர் சொல்லவில்லை. வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்து விட்டு, "உங்கக்காவுக்குப் போன் போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்குப் பேசு" என்றார்.

அப்பா ஏன் அந்த நேரத்தில் அதைச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. அதை இந்த மேடையில் சொல்ல அக்காவிடம் கேட்டு விட்டுத்தான் வந்திருக்கிறேன்.

என் அக்கா ப்ளஸ் டூவில் என்னை விட நாற்பது மார்க் அதிகம். எனக்கு இரண்டு வயது மூத்தவள். அந்த வருஷம் கிணறு வற்றி மஞ்சள் போகவில்லை. ஒரு பிள்ளைக்குத்தான் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியும் என்று வீட்டில் முடிவாயிற்று. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, அது தானாக முடிவாயிற்று. அக்கா தையல் வகுப்புக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து நான் பெட்டியோடு இந்தக் கல்லூரி கேட்டில் வந்து இறங்கினேன். என் முதல் வருஷ மெஸ் பில்லில் பாதி அவள் தைத்த ஜாக்கெட். இன்றைக்கு எங்கள் ஊரில் தையல் கடை வைத்து நாலு பெண்களுக்கு வேலை கொடுக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். "பாவம்னு எல்லாம் பேசி வெச்சறாத" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நான் பாவம் என்று சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிறேன்.

இந்த ஹாலில் எத்தனை பேர் வீட்டில் நிறுத்தி வைத்த காய் என்று எண்ணிப் பாருங்கள். கை தூக்கச் சொல்லவில்லை. அண்ணன் படிப்பை விட்டு லாரிக்குப் போயிருப்பார். தங்கைக்குச் சீக்கிரம் கல்யாணம் முடிந்திருக்கும். நாம் பெரிதாக வந்ததில் நம் திறமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மற்ற பிஞ்சுகளுக்குப் போக வேண்டிய சாறும் நமக்குத்தான் வந்தது. பரங்கிப் பாத்தியில் அது விதி. அங்கே நான் தயங்காமல் வெட்டுவேன், அடுத்த வருஷமும் வெட்டினேன். அந்தக் காய் 731 பவுண்டு, 332 கிலோ. எங்கள் வட்டாரப் போட்டியில் நடுத்தரமான இடம். ஆனால் வீடு பாத்தி இல்லை. வீட்டில் இது இல்லாமையால் வந்த விதி. இல்லாமை போனால் விதியும் போக வேண்டும்.

இப்போது முன்னால் விட்ட கேள்விக்கு வருகிறேன். 403 ஏன் எழுபது வருஷம் நகரவில்லை, பிறகு ஏன் ஓடியது?

கனடாவில் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் வின்ட்ஸர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹோவர்ட் டில் என்று ஒரு பால்பண்ணை விவசாயி இருந்தார். காலேஜ் படிப்பு இல்லை. பல வருஷம் பொறுமையாகப் பெரிய காயின் விதையை எடுத்து, எதற்கு எது ஜோடி என்று குறித்து வைத்துக் கொண்டே ஒரு ரகத்தை உருவாக்கினார். அட்லாண்டிக் ஜயண்ட் என்று பெயர். 1979-லிருந்து 1982 வரை நாலு வருஷம் தொடர்ந்து உலகப் போட்டியில் முதலிடம். நான் சொன்ன 493.5 பவுண்டு அவருடையதுதான். ரகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கினார், ஆனால் விதையைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. உலகம் முழுக்க விதை போனது. இன்று எடை மேடை ஏறுகிற ராட்சதக் காய்களின் வம்சம் அங்கேதான் போய் முடிகிறது. 2008-இல் அவர் காலமானார். அந்த ஊரில் 1999-லிருந்து பரங்கிக்காயைக் குடைந்து படகாக்கி ஏரியில் துடுப்புப் போடுகிற பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இன்னொரு பழக்கத்தை உண்டாக்கினார்கள். ஒவ்வொரு நல்ல காயின் விதைக்கும் ஒரு பெயர்: எடை, வளர்த்தவர் குடும்பப் பெயர், வருஷம். "2009 வாலஸ்" என்றால் 2012-இல் ரான் வாலஸ் வளர்த்த 2,009 பவுண்டுக் காயின் விதை. தாய், தகப்பன் விவரம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சில அபூர்வ விதைகளைச் சங்கங்கள் ஏலம் விட்டு அந்தப் பணத்தில் பரிசு கொடுக்கின்றன, உண்மை. ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: நீங்கள் உங்கள் முகவரி எழுதிய, தபால்தலை ஒட்டிய கவரை அனுப்பினால், உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் அதில் தன் விதையைப் போட்டுத் திருப்பி அனுப்புவார். அடுத்த அக்டோபரில் அதே விதையை வைத்து நீங்கள் அவரைத் தோற்கடிக்கலாம். அவருக்கும் தெரியும். அனுப்புகிறார். எனக்கு முதல் விதை அப்படித்தான் வந்தது. கூடவே ஒரு தாளில் தன் பாத்தியில் என்னென்ன போட்டார், எது வீணாய்ப் போயிற்று என்று கையால் எழுதியிருந்தார்.

நான் வேலை செய்கிற உலகத்தில் ஒரு இம்பெல்லர் வளைவைக் கூட அடுத்த கம்பெனிக்காரனிடம் சொல்ல மாட்டோம். அது தொழில், சரி. ஆனால் பரங்கிக்காய்க்காரர்கள் எல்லோரும் மூடி மூடி வைத்திருந்தால் இன்னும் ஐந்நூறு பவுண்டில்தான் நின்றிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். எடை ஏறியதற்குக் காரணம் உரம் மட்டும் அல்ல. விதையும், கூட வந்த அந்தத் தாளும்.

நேற்று ஹாஸ்டல் வராந்தாவில் நாலு பேர் "விதை கொண்டு வந்தியா?" என்று கேட்டார்கள். கொண்டு வரவில்லை. வெளிநாட்டு விதையை இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக் கொண்டு வருவது இங்கே சட்டப்படி தவறு. புது நோயும் கூடவே வந்து விடும். தவிர அட்லாண்டிக் ஜயண்டுக்கு நம் சமவெளி வெயில் ஆகாது, ராத்திரி குளிர்ச்சி வேண்டும். ஆசை இருந்தால் மலைப்பக்கம் உள்ளவர்கள் முறைப்படி வரவழைத்துப் பார்க்கலாம்.

சமவெளியில் இருப்பவர்கள் நம் ஊர் ரகத்திலேயே இந்த முறையைச் செய்து பாருங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் சாதாரணமாகவே ஏழெட்டு கிலோ காய்க்கும். கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோ, சின்னக் குடும்பத்துக்கு. ஜூன்-ஜூலை அல்லது டிசம்பர்-ஜனவரியில் விதையுங்கள். நன்றாக மக்கிய எரு, ஒரு குழியில் ஒரு செடி, நிறைய இடம். கணுவுக்குக் கணு மண் அணையுங்கள். காலையில் கையால் மகரந்தம் தடவுங்கள். பழ ஈக்கும் சிவப்பு வண்டுக்கும் பயந்து பிஞ்சைத் துணிப்பையில் மூடுங்கள். ஒரு கொடியில் ஒரு காய் மட்டும் விடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கொடியை அதன் இஷ்டத்துக்கு விட்டு விடுங்கள், சமையலுக்கு. எங்கள் அப்பாவின் யோசனை அது. இரண்டாம் வருஷத்திலிருந்து நானும் அப்படித்தான் செய்கிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பகுதி.

ஒன்று, நம் உதவித்தொகை. மார்க், வருமானம் இரண்டையும் பார்த்துக் கொடுக்கிறோம், நல்லது. விண்ணப்பப் படிவத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: "உங்கள் வீட்டில் படிப்பை நிறுத்திய அல்லது நிறுத்தப் போகும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை உண்டா?" உண்டு என்றால் அந்த இரண்டாவது பிள்ளைக்கு, எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், முதல் வருஷ ஃபீஸைச் சங்கம் தரட்டும். நம் மாணவர்தான் வேண்டும் என்று பார்க்க வேண்டாம். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு நானும் என் பேட்ச் நண்பர்கள் ஐந்து பேரும் பொறுப்பு. தொகையை இன்று காலை பொருளாளரிடம் கொடுத்து விட்டோம். பணத்தில் அக்காவின் பங்கும் இருக்கிறது. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

இரண்டு, அந்தத் தாள். நாம் ஒவ்வொருவரும் நம் தொழிலில் கற்றுக் கொண்டதை, எது பலித்தது, எது வீணாயிற்று என்று, இரண்டு பக்கம் எழுதி நம் நூலகத்தில் வைப்போம். சாதனைப் பட்டியல் வேண்டாம், அது இந்த மலரிலேயே போதுமான அளவு இருக்கிறது. மூன்றாம் வருஷப் பையன் ஒருவன், பெண் ஒருத்தி, அதை எடுத்துப் படித்து நம்மைத் தோற்கடிக்கட்டும்.

சாப்பாட்டு மணி அடித்து விட்டது. மெனுவில் பரங்கிக்காய்க் கூட்டு உண்டு என்று கேள்விப்பட்டேன். அதற்கும் இந்த உரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சமையல்காரரைக் கேட்டு உறுதி செய்து கொண்டேன்.